இருபத்து மூன்று இதழ்

சந்திரவதனா ஒரு மனிதனுக்குப் பதினொரு மாதமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் நண்டுக்கறி சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அதே மனிதன்மேல் இருபத்தொரு வருடமாகக் கோபமாகவும் இருந்தாள். இரண்டையும் ஒரே கையால் செய்ய முடியுமா என்று கேட்பவர்கள் அந்த நாட்களில் லண்டன் கோலியர்ஸ் வுட்டில் அவளுடைய குசினிக்குள் எட்டிப் பார்த்திருக்க வேண்டும். புருஷனுக்கு மேல்குழம்பு. விருந்தாளிக்கு அடிச்சட்டிக் குழம்பு, உறைப்பெல்லாம் இறங்கி நிற்கிற குழம்பு. அவர் கண்ணிலும் மூக்கிலும் நீர் வழியச் சாப்பிட்டு முடித்து, தங்கச்சியின் கைக்குப் பொன்னில் காப்பு போட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போவார். அவளுக்கு இன்னும் எரியும்.

விருந்தாளியின் பெயர் அருட்பிரகாசம். ஊரில் தாவரவியல் படிப்பித்தவர். எண்பத்தைந்தில் லண்டனுக்கு வந்து, பார்சல் பிரிக்கிற டிப்போவில் வதனாவின் புருஷன் குகதாசனோடு ஒரே ஷிப்டில் நின்றார். தனிக்கட்டை, ஓர் அறையில் இருந்து பாணும் வாழைப்பழமும் சாப்பிடுகிற மனிதர் என்று இரக்கப்பட்டு, தொண்ணூற்றிரண்டு மார்ச் மாதம் குகதாசன் அவரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தான். கதவைத் திறந்தவள் வதனா. அதே பக்க வகிடு. கரும்பலகையில் எழுதச் சோக்கட்டி பிடித்துப் பழகி வளைந்த அதே சுட்டுவிரல். அவளுக்குக் கால் கூசியது. அவரோ முகத்தில் ஓர் அசைவும் இல்லாமல், வணக்கம் தங்கச்சி என்று சொல்லிச் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

நடந்தது இதுதான். எழுபத்திரண்டாம் வருடம், வடமராட்சியில் ஒரு கலவன் பாடசாலை, ஏ.எல். விஞ்ஞான வகுப்பு. அருட்பிரகாசம் மாஸ்ரர் வேலைக்கு வந்து மூன்று மாதம், வயது இருபத்தேழு. வதனாவுக்குப் பதினாறு. அன்றைக்கு மாஸ்ரர் படிப்பிக்கிறதைப் பார்க்க வகுப்பின் பின்வரிசையில் வித்தியாதிகாரி வந்து உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் அதிபர். மாஸ்ரர் கரும்பலகையில் பிளம் பூவை வரைந்தார். புல்லி ஐந்து, இதழ் ஐந்து, கேசரம் பல, சூலகம் ஒன்று என்று எழுதச் சொன்னார். வகுப்பில் ஒருவரும் பிளம் மரத்தைக் கண்டதில்லை. பனையும் பூவரசும் நிற்கிற ஊரில் பிளம் எங்கிருந்து வரும்? ஆனாலும் பாடத்திட்டத்தில் இருந்தது, அதனால் எழுதினார்கள். வதனாவிடம் மட்டும் ஒரு கலண்டர் தாள் இருந்தது. அவளுடைய தகப்பன் பொன்னம்பலத்துக்கு நெல்லியடியில் சைக்கிள் கடை. ஜப்பான் கம்பனிக்காரர் அனுப்பிய கலண்டரில் பெப்ரவரி மாதத்துக்குப் பிளம் கொப்பு ஒன்றைப் படமாகக் கீறி, கீழே பேரும் போட்டிருந்தது. பெண்பிள்ளை அதை இரவல் புத்தகத்துக்கு உறை போட எடுத்துவந்து, உறை போடாமல் பூவின் இதழை எண்ணிக்கொண்டிருந்தவள். கையை உயர்த்தினாள். படத்தில் ஐந்துக்கு மேலே நிறைய இதழ் இருக்கிறதே என்று கேட்டாள்.

மாஸ்ரர் தாளை வாங்கிப் பார்த்தார். அது கீறினவனுடைய கற்பனை என்றார். அத்தோடு விட்டிருக்கலாம். வதனா விடவில்லை. செவ்வரத்தையில் அடுக்குச் செவ்வரத்தை இருக்கிறது, அதைப் போல இதிலும் அடுக்கு இருக்கக் கூடாதா என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. பின்வரிசையில் அதிகாரி முன்னுக்குச் சரிந்து, பதிலைக் கேட்க ஆயத்தமானார். மாஸ்ரர் தாளை இரண்டாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார்.

"வாங்கில ஏறி நில்லும்," என்றார்.

அன்றைக்கு இரட்டைப் பாடம், மிச்சமிருந்த ஒரு பாடம் நாற்பது நிமிடம். பெடியன்கள் நிறைந்த வகுப்பில், உட்காருகிற வாங்குப் பலகையின்மேல், வெள்ளைச் சட்டையின் விளிம்பை இரண்டு கையாலும் முழங்காலோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவள் நாற்பது நிமிடமும் நின்றாள். அழவில்லை. தொண்டைக்குள் இன்னொரு கேள்வி இருந்தது, அதை விழுங்கிக்கொண்டு நின்றாள். அடுத்த கிழமை வர்த்தக வகுப்புக்கு மாறிவிட்டாள். தகப்பன் காரணம் கேட்டபோது தவளை வெட்டப் பிடிக்கவில்லை என்று சொன்னாள். இன்றைக்கு அவள் பல் வைத்தியர் ஒருவரின் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் இருக்கிறாள், நல்ல வேலை, நல்ல புருஷன், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தெருவில் எந்தப் பூவைக் கண்டாலும் அவளுடைய வாய் தன்பாட்டில் எண்ணும்.

அவளுக்கு அந்த மனிதரிடமிருந்து ஒரே ஒரு வசனம் வேண்டியிருந்தது. நீ கேட்டது சரி என்று அந்த வாயால் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். பதினொரு மாதமாக அதை ஏன் கேட்கவில்லை என்றால், இரண்டு பயம். ஒன்று, எந்தப் பிள்ளை, எனக்கு நினைவில்லையே என்று அவர் சொல்லிவிட்டால், அது இரண்டாம் தடவை வாங்கில் ஏற்றினதுபோல ஆகிவிடும். மற்றது அதைவிட மோசம். கலண்டரில் கீறினவன் உண்மையிலேயே பொய் கீறியிருந்தால்? அவளும்தான் பிளம் பூவைக் கண்ணால் கண்டதில்லை.

ஒருமுறை தூண்டில் போட்டுப் பார்த்தாள். போன ஏப்ரலில் தெருவெல்லாம் செரி மரம் ரோஸ் நிறத்தில் அடுக்கடுக்காய்ப் பூத்துக் கிடந்தபோது, சோறு போட்டுக்கொண்டே, இந்தச் செரிக்கு எத்தனை இதழ் மாஸ்ரர் என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டாள். அவர் தட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை. செரி வேறு, அது நர்சரிக்காரர் செய்கிற வித்தை, பிளம் என்றால் ஐந்துதான் என்றார். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பார்கள். இந்த மனிதர் பிடித்த பூவுக்கு ஐந்து இதழ். வதனா கறிச்சட்டியின் அடியை ஒரு சுரண்டுச் சுரண்டி அவருடைய தட்டில் ஊற்றினாள்.

அப்படி இருக்கும்போதுதான் தொண்ணூற்று மூன்று பெப்ரவரியில் மிஸஸ் ஹயாஷி கிளினிக்குக்கு வந்தாள். விம்பிள்டனில் இருக்கிற ஜப்பான்காரி, புருஷனுக்கு வங்கியில் வேலை, கடைவாய்ப் பல்லில் உறை போட நாலு தடவை வந்து வதனாவோடு பழகிப்போனவள். போகும்போது மேசையில் ஒரு துண்டுக் கடதாசியை வைத்தாள். ஆக்டனில் ஜப்பானியக் குடும்பங்களின் சங்கத் தோட்டத்தில், மாதக் கடைசி ஞாயிறு, பிளம் பூத் திருவிழா. எல்லோரும் வரலாம். குளிர் முடிய முன்னமே, வேறொரு மரமும் கண்விழிக்காத நேரத்தில் பூப்பது அது, அதைப் பார்க்கத்தான் கூடுகிறோம் என்று விளக்கம் சொன்னாள்.

வதனாவுக்கு மற்றதெல்லாம் காதில் விழவில்லை. எத்தனை இதழ் என்று கேட்டாள். மிஸஸ் ஹயாஷி கண்ணைச் சுருக்கி யோசித்தாள். ஐம்பது வருடமாகப் பார்க்கிறேன், இதுவரை எண்ணவில்லை, நீங்கள் வந்து எண்ணி எனக்கும் சொல்லுங்கள் என்றாள். பார்த்தீர்களா, பூவோடு பிறந்தவளுக்கு எண்ணத் தோன்றவில்லை. பூவைக் காணாத இரண்டு பேர்தான் அதன் இதழுக்காக இருபத்தொரு வருடம் மல்லுக்கட்டியிருக்கிறார்கள்.

அந்த ஞாயிறு மேசையில் வதனா பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். ஜப்பான்காரர் பிளம் பூவுக்குத் திருவிழா வைக்கிறார்களாம், போவோமா என்றாள். குகதாசனுக்குப் பெற்றோல் செலவு கண்முன் வந்தது. பூப் பார்க்க ஆக்டன் வரைக்குமா, கியூ கார்டன் தாவரத் தோட்டம் இதைவிடப் பக்கத்தில்தானே என்று தொடங்கினான். மாஸ்ரருடைய கை சோற்றோடு அந்தரத்தில் நின்றது.

"நான் வாறன்," என்றார். பிறகு, யாரும் கேட்காமலே, "எனக்கு அண்டைக்கு ஷிப்டும் இல்லை," என்றார்.

ஞாயிறு காலை அவர் வந்த கோலத்தைப் பார்த்துக் குகதாசன் சிரித்துவிட்டான். ஸ்திரி போட்ட சட்டை, கழுத்துப்பட்டி, நீலக் கோட். கலியாண வீட்டுக்கு வெளிக்கிட்டவர் போல. கோட்டுப் பையில் ஏதோ புடைத்துக்கொண்டிருந்தது. காரில் போகும்போது அவர் அதை வெளியே எடுத்துத் துடைத்தார். கைப்பிடி போட்ட பூதக்கண்ணாடி. வதனா முன் இருக்கையிலிருந்து காரின் பின்பார்வைக் கண்ணாடியில் அதைக் கண்டாள். இந்த மனிதர் பூவுக்கு ஐந்து இதழ் என்று கையெழுத்துப் போடத்தான் வருகிறார், நான்தான் என் காசில் கூட்டிப்போகிறேன் என்று நினைத்தாள்.

தோட்டத்தைக் காணும் முன்னமே வாசம் வந்தது. சங்கக் கட்டடத்தின் பக்கவாட்டு நடையில் திரும்பினால் குளிர்காற்றில் தேனும் கராம்பும் சேர்ந்ததுபோல ஒரு மெல்லிய மணம். வதனா நின்று மூச்சை இழுத்தாள். கலண்டர் தாளில் இது இருக்கவில்லையே என்று அவளுக்கு வியப்பாக இருந்தது. படத்தில் இல்லாத ஒன்று இருக்கும் என்று அவள் யோசித்ததே இல்லை.

உள்ளே ஒரு பெரிய வீட்டின் பின்வளவு அளவு இடம். வாசலில் ஏழு மரம் என்று எழுதியிருந்தது. கறுத்துக் கோணிய கொப்புகள், ஓர் இலை கிடையாது, கொப்போடு ஒட்டிக்கொண்டு பூ. நீள மேசைகளில் சோற்று உருண்டையும், ஆவி பறக்கிற வெள்ளைப் பானமும். வாங்குகளுக்குச் சிவப்புக் கம்பளத் துணி விரித்திருந்தார்கள். கிமோனோ உடுத்த இரண்டு மூதாட்டிகள், தடித்த கோட்டுக்குள் உருண்ட பிள்ளைகள், கையில் கமெரா வைத்திருந்த புருஷன்மார். பூவுக்குக் கீழே போனவர்கள் எல்லோரும் ஒரு நிமிடம் பேச்சை நிறுத்தி அண்ணாந்தார்கள். கோயில் இல்லை, ஐயர் இல்லை, மேளம் இல்லை. மரம்தான் சுவாமி போலிருக்கிறது என்று குகதாசன் அவள் காதில் சொன்னான். சொல்லிவிட்டு நேரே சாப்பாட்டு மேசைக்குப் போனான்.

மிஸஸ் ஹயாஷி ஓடிவந்து மூவரையும் வரவேற்றாள். ஆளுக்கொரு நீளக் கடதாசித் துண்டும் பேனையும் தந்தாள். பூவைப் பார்த்து மனதில் தோன்றும் கவிதையை இதில் எழுதிக் கொப்பில் கட்டுவது வழக்கம் என்றாள். கொப்புகளில் ஏற்கெனவே இருபது முப்பது துண்டுகள் காற்றில் திரும்பித் திரும்பி ஆடிக்கொண்டிருந்தன. வதனாவுக்குக் கவிதை வராது. துண்டை மடித்துக் கைப்பையில் வைத்தாள். மாஸ்ரர் தன் துண்டை எடுத்துக்கொண்டு முதலாவது மரத்தடிக்குப் போனார்.

வெள்ளைப் பூ. எண்ண வேண்டிய தேவையே இல்லை. பிள்ளைகள் கீறுகிற பூ மாதிரி ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. நடுவில் மகரந்தம் தாங்கிய கேசரங்கள் கண்மயிர் போலக் குத்திட்டு நின்றன. மாஸ்ரர் பூதக்கண்ணாடியைப் பிடித்து ஐந்தாறு பூவைப் பார்த்தார். கடதாசித் துண்டில் ஓர் ஐந்து எழுதினார். அடுத்த மரம். மெல்லிய ரோஸ். ஐந்து. மூன்றாவது, மறுபடி வெள்ளை. ஐந்து. வதனா பின்னாலேயே போனாள். ஒவ்வொரு மரத்திலும் நம்பிக்கையோடு கழுத்தை நீட்டி, ஒவ்வொரு மரத்திலும் கழுத்தைச் சுருக்கினாள்.

நாலாவது மரத்தடியில் மிஸஸ் ஹயாஷி வந்து மாஸ்ரருடைய துண்டை எட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டு மிகுந்த மரியாதையோடு, எங்கள் கவிதைக்கு அசை ஐந்து, ஏழு, ஐந்து. உங்கள் நாட்டில் எல்லா அடிக்கும் ஐந்துதானா என்று கேட்டாள். மாஸ்ரர் வதனாவைப் பார்த்தார். வதனாவுக்கு வேறு நேரமென்றால் வயிறு நோகச் சிரித்திருப்பாள். இப்போது தலையை மட்டும் ஆட்டினாள்.

ஐந்தாவது மரம் ஐந்து. ஆறாவதும் ஐந்து. வதனாவுக்குக் கண் கலங்கிப்போயிற்று. அடி பைத்தியமே, ஆரோ ஒரு ஜப்பான்காரன் கடைக்கலண்டருக்குக் கைபோன போக்கில் கீறின பூவை நம்பியா வகுப்பை விட்டாய், நம்பியா இத்தனை வருடம் ஆத்திரப்பட்டாய் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அந்த மனிதரை நிமிர்ந்து பார்க்கக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் பார்த்தாள். வென்றவனுடைய முகம் எப்படி இருக்கும் என்று பார்த்துவிடுவோம் என்றுதான் பார்த்தாள். மாஸ்ரருடைய முகம் வெளிறித் தொங்கிப்போயிருந்தது. ஆறாவது ஐந்தை எழுதிவிட்டுப் பேனையை மூடாமல் நின்றார். வென்ற மனிதனுக்கு என்ன வருத்தம் என்று அவளுக்கு விளங்கவில்லை.

"ஏழாவது மரம் எங்க?" என்று அவர்தான் கேட்டார்.

அது வளவின் கடைசியில், கருவிகள் வைக்கிற மரக்கொட்டிலுக்குப் பின்னால், ஒதுக்குப்புறமாக நின்றது. பானத்துக்கு நின்ற வரிசை அதை மறைத்திருந்தது. மற்றவற்றைவிடச் சின்ன மரம். பாதி மொட்டு, பாதி பூ, நல்ல இரத்தச் சிவப்பில் ரோஸ் கலந்த நிறம். வதனா வரிசையை விலக்கிக்கொண்டு முதலில் போனாள். போனவள் கொட்டிலின் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அடுக்கு. ஒன்றுக்குள் ஒன்றாக, உள்ளே போகப் போகச் சுருண்டு சிறுத்துக்கொண்டு, இதழ்மேல் இதழ். கலண்டர்க்காரன் பொய் கீறவில்லை. நிறம்கூடச் சரியாகத்தான் போட்டிருந்தான்.

மாஸ்ரர் பக்கத்தில் வந்து நின்று கனநேரம் பார்த்தார். பூவைப் பறிக்கவில்லை. மரத்தடியில் குருவி கொத்தி விழுத்தின முழுப்பூ ஒன்று கிடந்தது. அதைக் குனிந்து எடுத்து, கொட்டிலோரம் கிடந்த வாங்கின் சிவப்புத் துணியில் வைத்து, பக்கத்தில் உட்கார்ந்தார். நெருப்புக்குச்சி ஒன்றால் வெளி வட்டத்திலிருந்து ஒவ்வொரு இதழாகப் பிரித்து வரிசையாக அடுக்கினார். காற்று தூக்கிவிடாமல் இடது கையை மறைப்பாக வைத்துக்கொண்டார். வதனா நின்றுகொண்டிருந்தாள். தானும் சேர்ந்து எண்ணினாள், வாயைத் திறக்காமல்.

"இருபத்தாறு," என்றார் மாஸ்ரர். குச்சியைக் கீழே வைத்தார். "அதில இருபத்திமூண்டுதான் இருந்தது."

வதனாவுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அன்று வகுப்பில் அவள் நிறைய இதழ் என்றுதான் சொன்னாள். இருபத்து மூன்று என்ற எண்ணை ஒரு உயிருக்கும் சொன்னதில்லை. புருஷனுக்குக்கூடச் சொன்னதில்லை.

"எதில?" என்று கேட்டாள்.

"நெல்லியடி பொன்னம்பலத்தார் கடைக் கலண்டரில." அவர் இதழ்களைப் பார்த்தபடியே பேசினார். "பாடம் முடிஞ்ச பிறகு கூடைக்குள்ள இருந்து எடுத்து ஒட்டிப் பாத்தனான். எத்தினை தரம் எண்ணினாலும் இருபத்திமூண்டு. நீர் பொன்னம்பலம் சந்திரவதனா. வகுப்பு இடாப்பில பதினாலாவது பேர்."

பதினொரு மாதம் நீங்கள் என்று பேசிய மனிதர் நீர் என்றார். அது அவளுக்கு மரியாதைக் குறைவாகப் படவில்லை. வகுப்பில் பேர் கூப்பிடுகிறார், அவ்வளவுதான். முதல் நாளே, கதவைத் திறந்த அன்றைக்கே, அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த அடிச்சட்டிக் குழம்பெல்லாம் தெரிந்தேதான் சாப்பிட்டிருக்கிறார். போன ஏப்ரலில் அவள் கேட்டது செரியைப் பற்றி, பிளம் என்ற பேச்சை எடுத்தவர் அவர் அல்லவா என்பதும் இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

மாஸ்ரர் சொன்னதை இங்கே சுருக்கித்தான் சொல்லலாம், ஏனென்றால் அவரும் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். அந்தப் பூவைத் தன் வாழ்நாளில் கண்டதில்லை. புத்தகத்தில் ஐந்து என்றிருந்தது, சொன்னார். வேலை நிரந்தரமாகுமா என்பது பின்வரிசையில் இருந்த அதிகாரியின் கையில் இருந்தது. கலண்டரைக் காட்டினதற்குக்கூட அவர் கோபப்படவில்லை. அவளுடைய முகத்தில் இன்னொரு கேள்வி வந்துகொண்டிருந்தது, அதற்குத் தன்னிடம் பதில் இல்லை என்று தெரிந்தது. பயந்துவிட்டார். அதற்குப் பிறகு பதின்மூன்று வருடம் பிளம் பாடம் வந்த ஒவ்வொரு முறையும் ஐந்து என்றே சொல்லிக்கொடுத்தார், ஒவ்வொரு முறையும் இடாப்பில் பதினாலாவது பேர் இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு. இன்று ஆறு மரத்திலும் ஐந்து வந்தபோது, அந்தக் கலண்டரும் பொய்தான் போல, அப்படியென்றால் தான் கேட்க வேண்டிய மன்னிப்புக்கும் இடமில்லாமல் போய்விடுமே என்று தவித்திருக்கிறார்.

"நீர் கேட்டது சரி," என்றார்.

வந்துவிட்டது. இருபத்தொரு வருடம் காத்திருந்த வசனம் வந்து காதில் விழுந்தும், அதை எங்கே வைப்பது என்று வதனாவுக்குத் தெரியவில்லை. சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தாள். அழுகைதான் வந்தது. அதுவும் தனக்காகவா அந்த மனிதருக்காகவா என்று பிரிக்க முடியாத அழுகை.

மாஸ்ரர் எழுந்தார். குனிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தார். ஒன்றைக் கழற்றினார், மற்றதைக் கழற்றினார், இரண்டையும் சோடியாக ஓரத்தில் வைத்தார். இதழ்கள் இருந்த பக்கத்துத் துணியைக் கவனமாக மடித்து ஒதுக்கினார். பிறகு கொட்டில் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு வாங்கில் ஏறி நின்றார்.

"மாஸ்ரர், என்ன செய்யிறியள்? இறங்குங்கோ," என்றாள் வதனா. சுற்றிலும் பார்த்தாள். பானத்துக்கு நின்ற வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"அண்டைக்கு எவ்வளவு நேரம் நிண்டனீர்?"

"விடுங்கோ மாஸ்ரர்."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு பாடம். நாப்பது நிமிசம்."

"சரி," என்றார். கையைக் கட்டிக்கொண்டார். வகுப்பில் வாங்கில் நிற்கிறவன் எப்படி நிற்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாததா? கழுத்துப்பட்டி காற்றில் தோளுக்குமேல் பறந்தது. ஒரு சாக்ஸில் பெருவிரல் பக்கம் ஓட்டை. நாற்பத்தெட்டு வயது மனிதர், முன்னால் பார்த்தபடி நின்றார்.

மிஸஸ் ஹயாஷி சத்தமில்லாமல் வதனாவின் பக்கத்தில் வந்து நின்றாள். இது உங்கள் நாட்டில் பூவுக்கு மரியாதை செய்கிற முறையா என்று மெதுவாகக் கேட்டாள். வதனா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். எங்கள் ஊர் வழக்கம்தான் என்றாள். பொய் இல்லை. மிஸஸ் ஹயாஷி உடனே வரிசையில் நின்றவர்களிடம் ஏதோ சொன்னாள். அவர்கள் எல்லோரும் வாங்கில் நின்ற மனிதரைப் பார்த்துத் தலை குனிந்தார்கள். மாஸ்ரருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் இறங்கவில்லை.

வதனா மணிக்கூட்டைப் பார்த்தாள். நாலு நிமிடம் ஆகியிருந்தது. இன்னும் முப்பத்தாறு நிமிடம் நிற்கட்டும் என்று ஒரு மனம் சொன்னது, பொய் சொல்வானேன். அந்தப் பதினாறு வயதுப் பிள்ளை சட்டையை இறுக்கிக்கொண்டு இன்னும் உள்ளே நின்றுகொண்டுதானே இருந்தாள். ஆனால் அந்தப் பிள்ளையின் தொண்டைக்குள் வேறொன்றும் இருந்தது. அன்றைக்கு விழுங்கியது. துணியில் பரப்பிக் கிடந்த இருபத்தாறு இதழையும், நடுவில் மிஞ்சிக் கிடந்த பூவின் மொட்டைத் தலையையும் பார்த்தபோது அது தானாக மேலே வந்தது. வெள்ளைப் பூக்களில் கேசரம் அவ்வளவு அடர்த்தியாக நின்றதே. இதில் இவ்வளவு குறைவாக இருக்கிறதே.

"மாஸ்ரர்," என்றாள். கையை உயர்த்தவில்லை, ஆனால் குரல் கையை உயர்த்தினவளுடைய குரலாக இருந்தது. "இதழ் கூடினால் கேசரம் குறையுமோ? கேசரம்தான் இதழா மாறுதோ?"

அவர் வாயைத் திறந்தார். எத்தனையோ வகுப்புகளுக்கு முன்னால் நின்ற மனிதர். எந்தக் கேள்விக்கும் ஒரு பதிலை எடுத்து வீசிப் பழகிய வாய் அது.

"தெரியாது," என்றார். பின்வரிசைக்கும் கேட்கும்படி வகுப்பில் பேசுகிற அதே சத்தத்தில்.

சொன்னபிறகு அவருடைய முகம் இளகிப்போயிற்று. தலைக்கு நேரே வந்திருந்த கொப்பை அப்போதுதான் கண்டார் போல அண்ணாந்தார். வாங்கில் நிற்கிறவனுக்கு மட்டும் எட்டுகிற உயரத்தில், நன்றாக விரிந்த பூ ஐந்தாறு இருந்தன.

"இஞ்ச வாரும்," என்றார். "நடுவால பாக்கேக்க ஒண்டு பாதி இதழ், பாதி கேசரம் மாதிரிக் கிடக்கு. நான் கொப்பைப் பிடிக்கிறன், நீர் எண்ணும்."

வதனா சப்பாத்தைக் கழற்றினாள். அவருடைய சோடிக்குப் பக்கத்தில் வைத்தாள். கையை நீட்டினார், அதைப் பிடிக்காமல் தானே ஏறினாள். மேலே ஏறியதும் வாசம் இரண்டு பங்காக வந்தது. அவர் கொப்பை அவளுடைய கண்ணுக்கு நேரே வளைத்துப் பிடிக்க, பூதக்கண்ணாடியை வாங்கிப் பூவுக்கு நேரே பிடித்தாள். உள்வட்டத்தில் ஓர் இதழின் நுனியில் மகரந்தப் பை ஒன்று மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருந்தது. இதழும் அல்ல, கேசரமும் அல்ல, இரண்டுக்கும் நடுவில் வழியில் நின்றுவிட்ட ஒன்று. ஓம் மாஸ்ரர், மாறுது, மாறுது என்று முணுமுணுத்துக்கொண்டு எண்ணத் தொடங்கினாள்.

குகதாசன் அந்த நேரம் பார்த்துக் கடதாசித் தட்டோடு வந்து சேர்ந்தான். சோற்று உருண்டைக்குள் இனிப்பு இருக்கும் என்று நம்பிக் கடித்து, உள்ளே இருந்த உப்புப் பிளம் ஊறுகாயில் முகம் கோணிப்போய் வந்தவன், மனைவியும் கூட்டாளியும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வாங்கில் ஏறி நிற்பதைக் கண்டான். பக்கத்தில் ஜப்பான்காரர் பத்துப் பேர் கைகட்டி நின்றார்கள்.

"என்ன, கீழ பாம்போ?" என்று கேட்டான்.

"சத்தம் போடாதையுங்கோ," என்றாள் வதனா, திரும்பாமல். பதினொன்று வரை வந்திருந்தாள், அது குழம்பிப்போயிற்று. மாஸ்ரர் கொப்பை இன்னும் கொஞ்சம் பதித்துப் பிடித்தார். அவள் முதலிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.